மடியில் விரிக்கிற துணி

"ஊதக் கூடாதுன்னு நேத்து சொல்லிட்டுப் போயிட்டீங்க. சரி, ஊதல. அப்புறம் அந்த சூப் எப்படி ஆறும்?"

கிரில் கதவை இடது கையால் இழுத்துச் சாத்திக்கொண்டே கேட்டார் லிஃப்ட்காரர். உள்ளே நெருக்கியடித்து நின்ற மாணவிகள் சிரித்தார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட பெண், "ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா கரண்டியில எடுக்கணும் அங்கிள். தானா ஆறிடும்" என்றாள். "இவ்வளவுதானா? ராத்திரி பூரா எனக்கு அந்த சூப் ஆறவே இல்லம்மா" என்று அலுத்துக்கொண்டு பிடியைத் திருப்பினார். "கரண்டிய வாய்க்குக் கொண்டு போறப்ப குனியக் கூடாது. அப்படியே நேரா..." என்று அவள் அடுத்த பாடத்தை ஆரம்பிக்கும்போது ஆறாம் மாடி வந்துவிட்டது. பெண்கள் இறங்கிப் போனார்கள். அவர் முதுகை நிமிர்த்தி, கையில் இல்லாத கரண்டியை வாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தி, "மீதி நாளைக்கு" என்றார். நாலாம் மாடியில் இறங்க வேண்டிய நான், இந்த வேடிக்கைக்காகவே ஆறு வரைக்கும் போய்த் திரும்புவது வழக்கமாகிவிட்டது.

எங்கள் பத்திரிகை அலுவலகம் நாலாம் மாடியில் இருக்கிறது. ஆறாம் மாடியில், பெரிய ஓட்டல்களிலும் கப்பல்களிலும் வேலைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் உபசரணையும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக்கூடம். அந்தப் பிள்ளைகள்தான் அவருக்கு 'பைலட்' என்று பேர் வைத்தார்கள். கதவைச் சாத்தியதும் "கெளம்பலாமா?" என்று ஒரு தடவை கேட்காமல் வண்டியை எடுக்க மாட்டார், அதனால் வந்த பேர். அவர்கள் பரிமாறப் படித்துக்கொண்டிருந்தார்கள். பைலட் அவர்களிடம் சாப்பிடப் படித்துக்கொண்டிருந்தார்.

பாடத்தின் நீளம் தரையிலிருந்து ஆறாம் மாடி வரை. நடுவில் வேறு ஆள் ஏறினால் பாடம் நின்றுவிடும். மூணாம் மாடிப் பல் டாக்டரிடம் வந்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, வெண்ணெய் தடவுவதைப் பற்றிப் பேச அவருக்கு மனசு வராது. இதனால் அவருடைய படிப்பு எப்போதும் அரைகுறையாகவே நின்றது. ரொட்டியைக் கத்தியால் வெட்டக் கூடாது என்பது அவருக்குத் திங்கட்கிழமை தெரிந்தது. கையால் பிய்க்க வேண்டும் என்பது புதன்கிழமைதான் தெரிந்தது. நடுவில் செவ்வாய் முழுக்க, அந்த ரொட்டியை என்னதான் செய்வது என்று தெரியாமல் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தார்.

லிஃப்ட் பழைய காலத்தது. பொத்தான் கிடையாது. இழுத்துச் சாத்தும் கதவு ஒரு பக்கம், முன்னும் பின்னும் திருப்பும் பித்தளைப் பிடி இன்னொரு பக்கம். இதை ஓட்டிப் பழகியவருக்கு மேஜைப் பழக்கம் சுலபமாக வரும் என்று அவரே கண்டுபிடித்தார். "இடது கை கதவு, வலது கை பிடி. இடது கையில முள்கரண்டி, வலது கையில கத்தி. நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து இதத்தானே சார் செஞ்சுட்டிருக்கேன்!" தட்டுக்கு இரண்டு பக்கமும் வரிசையாகக் கரண்டிகள் இருந்தால் வெளியே இருப்பதை முதலில் எடுத்து, ஒவ்வொன்றாக உள்ளே வரவேண்டுமாம். அதற்கும் வழி வைத்திருந்தார். "கீழ் மாடிலேர்ந்து மேல போற மாதிரி. குறுக்கால போகக் கூடாது."

வார்த்தைகளையும் விடவில்லை. 'எக்ஸ்க்யூஸ் மீ'யின் அர்த்தம் தெரிந்த அன்று அவருக்கு ஒரே ஆச்சரியம். "இத்தன வருஷமா அது இடிக்கறதுக்கு முன்னாடி சொல்ற வார்த்தைன்னு நெனச்சுட்டிருந்தேன்." அவருக்கு ரொம்பப் பிடித்தது 'ஆஃப்டர் யூ'. மற்றவரை முதலில் போகவிட்டுப் பின்னால் போவதற்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. "நான் நாள் பூரா செய்யற வேலைக்குப் பேரு இருக்கு பாத்தீங்களா!" என்று பூரித்துப்போனார். அந்த வாரம் எல்லாருக்கும் 'ஆஃப்டர் யூ' கிடைத்தது. பல் பிடுங்கப் பயந்து வாசலிலேயே தயங்கி நின்ற ஒருவருக்கும் கிடைத்தது. அவர் திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார்.

கதவைப் பார்த்தபடியே நிற்கும் வேலை. அதனால் நாங்கள் எல்லாரும் பார்த்துப் பழகியது அவருடைய முதுகைத்தான். அவரும் எங்களைச் செருப்புச் சத்தத்தை வைத்தும் இருமலை வைத்தும்தான் அடையாளம் கண்டார். யாருக்கும் பேர் கிடையாது. நான் 'நாலாம் மாடி', டாக்டர் 'மூணாம் மாடி'. உட்கார ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவருடைய சாப்பாட்டு டப்பாவும் கண்ணாடிக் கூடும்தான் அதில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்.

இந்த மாதக் கடைசியில் பைலட் ஓய்வு பெறுகிறார். வருஷா வருஷம் கட்டடத்து முதலாளி ஊழியர்களுக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் மொட்டைமாடிக் கூடத்தில் ஒரு விருந்து வைப்பார். நீள மேஜை, வெள்ளை விரிப்பு, ஓட்டலிலிருந்து வரும் வெய்ட்டர்கள் என்று தடபுடலாக இருக்கும். இந்த வருஷ விருந்து பைலட்டுக்காக என்று அறிவித்துவிட்டார்கள். மனிதர் அதற்குத்தான் தயாராகிறார், கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்றே நாங்கள் பேசிக்கொண்டோம். நானும் ஒருநாள், "கோட்டு தச்சாச்சா பைலட்?" என்று சீண்டினேன். "தச்சாச்சு சார். கோட்டுல என்ன இருக்கு? எங்க வீட்டுல வரணும். அதுதான்" என்றார். வீட்டில் என்று அவர் சொன்னது மனைவியை.

அதன் அர்த்தம் முழுசாக விளங்கியது, கரண்ட் போய் நாங்கள் இருவரும் மூணாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அன்று. முக்கால்வாசி செங்கல் சுவர். மேலே ஒரு சாண் இடைவெளியில் எங்கள் அலுவலகத்து ஆட்களின் பாதங்கள் தெரிந்தன. பைலட் கொஞ்சம்கூடப் பதறவில்லை. நான்தான் பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, "இதுக்கு முன்னாடி அந்த மேஜையில நீங்க உக்காந்ததே இல்லையா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ. கல்யாணம் ஆன புதுசு" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் செங்கல் சுவரைப் பார்த்தே சொன்னார்.

மனைவிக்குத் தையல் வேலை. திரைச்சீலைக் கடைகளுக்கு ஓரம் அடித்துக் கொடுப்பவர். அன்று மேஜையில் ஒவ்வொருவர் தட்டிலும் பூ மாதிரி மடித்த ஒரு வெள்ளைத் துணி இருந்திருக்கிறது. புதுப்பெண் அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். அவ்வளவு நைசான ஓரத்தை அவள் பார்த்ததே இல்லை. "எவ்வளவு பொடித் தையல் பாருங்க" என்று இவரிடம் காட்டியிருக்கிறாள். விருந்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் பரிசு என்று நினைத்து, பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். முடிந்ததும் வெய்ட்டர் துணிகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. எல்லாரும் லிஃப்டுக்காகக் காத்து நின்றார்கள். கட்டடத்து மேனேஜர் சிரித்துக்கொண்டே, "யாராவது ஆசைப்பட்டு எடுத்திருந்தா குடுத்துடுங்கப்பா" என்றார்.

"அவளுக்கு அப்பத்தான் புரிஞ்சுது. சட்டுனு கைய எடுத்துப் பை மேல வச்சுக்கிட்டா. வெக்கம் சார், வேற ஒண்ணுமில்ல. நான் என்ன செஞ்சிருக்கணும்? கிட்டப் போய் மெதுவா வாங்கிக் குடுத்திருக்கலாம். இல்ல, நான்தான் எடுத்தேன்னு சொல்லியிருக்கலாம். 'அறிவு இருக்கா உனக்கு'ன்னு கத்தி, அந்தக் கைய எடுத்து விட்டுட்டு, எல்லார் முன்னாடியும் பையத் தெறந்து எடுத்துக் குடுத்தேன். ரொம்ப அழுத்திப் பிடிச்சிருந்தா." கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் இதே வண்டியிலதான் எறங்கினோம். முதுகக் காட்டிட்டு நின்னேன். வண்டி ஓட்டறவன் வேற எப்படி நிக்கறது?" என்றார்.

மறுவருஷம் விருந்து வந்தபோது மனைவியிடம், "அதெல்லாம் நிறுத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த வருஷமும் அதேதான். இங்கே கேட்டவர்களிடம், "அவளுக்குக் கூட்டம் பிடிக்காது" என்று சொல்லிவைத்தார். இவரும் மேஜைப் பக்கம் போகவில்லை. போட்டோ எடுக்கும்போது மட்டும் வந்து ஓரமாக நின்றுவிட்டு, ஒரு தட்டை வாங்கிக்கொண்டு லிஃப்டுக்குள்ளேயே வந்து சாப்பிடுவார். வீட்டுக்குப் போனால், வேலை அதிகம் என்று நம்பிக்கொண்டு அவர் மனைவி சாப்பிடாமல் காத்திருப்பார். "சந்தேகம் வரக் கூடாதில்ல? அங்கயும் உக்காந்து சாப்பிடுவேன். 'பாவம், பசியோட வந்திருக்கீங்க'ன்னு இன்னும் கொஞ்சம் வைப்பா."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஒரு துணிக்காக இத்தனை வருஷப் பொய்யா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அந்தப் பக்கமே பார்த்து நின்ற நிலையைக் கண்டதும் கேட்க வரவில்லை.

பொய் உடைந்தது கண்ணாடியால். போன வருஷம் ஒருநாள் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறார். மனைவி எடுத்துக்கொண்டு வந்தார். லிஃப்ட் மேலே போயிருந்தது. கீழே லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் வருஷா வருஷம் எடுத்த விருந்து போட்டோக்களைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நாங்கள் யாரும் அவற்றை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அந்த அம்மாள் காத்திருந்த நேரத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். பைலட் கீழே வந்து கதவைத் திறந்தபோது கடைசிப் போட்டோவுக்கு முன்னால் நின்றிருந்தார். கண்ணாடியை நீட்டி, "எல்லாத்துலயும் நல்லா இருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"திட்டியிருந்தா தேவலை" என்றார் பைலட். கரண்ட் வந்தது. "கெளம்பலாமா?" என்று கேட்டுப் பிடியைத் திருப்பினார்.

விருந்து அழைப்பை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன். இரண்டு அறை வீடு. ஜன்னல் ஓரமாகத் தையல் மெஷின், சுற்றிலும் நீலத் திரைச்சீலைகள் குவியலாக. துணி வெட்டும் மேஜையைக் காலி செய்து, இரண்டு தட்டு வைத்து, மாணவிகளிடம் இரவல் வாங்கிய முள்கரண்டிகளைப் பரப்பி, பைலட் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "மேடம், பிளீஸ்" என்றார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பாருங்க தம்பி, இந்த வயசுல பள்ளிக்கூடம் போயிட்டு வந்து என்னையும் படிக்கச் சொல்றாரு. நேத்து சூப்ப ஊதாம குடிக்கச் சொல்லி நாக்கச் சுட்டுக்கிட்டேன்."

நல்ல மாணவிதான். முள்கரண்டியை அவரைவிடப் பாந்தமாகப் பிடித்தார். ஊசி பிடித்த விரல்கள் அல்லவா. பைலட்டுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு கைத்துண்டை எடுத்து உதறி, "இதுதான் நாப்கின். உக்காந்ததும் மொதல்ல இத எடுத்து மடியில போட்டுக்கணும். கழுத்துல கட்டக் கூடாது. சாப்பிட்டு முடிச்சு எழுந்திருக்கறப்ப, தட்டுக்குப் பக்கத்துலயே விட்டுட்டு..." என்று சொல்லிக்கொண்டே போனவர், அங்கே நின்றுவிட்டார். கையில் துண்டு அப்படியே தொங்கியது.

"அது தெரியும்" என்றார் அந்த அம்மாள். சாதாரணமாகத்தான் சொன்னார். "அதத்தான் அன்னிக்கே சொல்லிக் குடுத்துட்டீங்களே."

பைலட் துண்டை மடித்தார். சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார். அந்த அம்மாள் எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

வாசல் வரைக்கும் வழியனுப்ப வந்தபோது, "நீங்க கட்டாயம் வரணும்மா" என்றேன். எங்கள் எல்லார் சார்பாகவும் கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அந்த அம்மாள் உள்ளே ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கோவமெல்லாம் இல்ல தம்பி. நல்ல மனுஷர்தான். அப்ப கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேன். ஒவ்வொரு வருஷமும் இருக்கறதுல நல்ல புடவையத் தேச்சு வச்சுட்டு, 'இந்த வருஷமாவது உண்டா'ன்னு கேப்பேன். அவ்வளவு ஆசை இருந்துச்சு. இப்ப அந்த ஆசைய எனக்குள்ள தேடிப் பாக்கறேன், கெடைக்க மாட்டேங்குது." பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டாரோ என்னவோ, "பாக்கலாம். அவர முன்னாடி போகச் சொல்லுங்க. நான் பின்னால வரேன்" என்றார்.

நான் போய்ச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பைலட் மிச்ச நாட்களை ஓட்டினார். "வரேன்னு சொன்னால்ல சார்? 'பாக்கலாம்'னுதான் மொதல்ல சொன்னா. ஆனா அப்புறம் 'வரேன்'னு சொன்னால்ல?" என்று என்னை ஏறும்போது ஒரு தடவையும் இறங்கும்போது ஒரு தடவையும் கேட்பார். நானும் சளைக்காமல், "சொன்னாங்க, சொன்னாங்க" என்பேன்.

விருந்தன்று வண்டியைத் தொடக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பைலட் கேட்டால்தானே? புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வாட்ச்மேனிடமிருந்து பிடியைப் பிடுங்காத குறையாக வாங்கி, எல்லாரையும் அவரே ஏற்றிக்கொண்டு போய் மேலே விட்டார். ஆளுக்கொரு 'ஆஃப்டர் யூ'. கடைசியில் நானும் அவரும்தான் கீழே நின்றோம். கதவைத் திறந்து பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேலிருந்து லிஃப்டைக் கூப்பிடும் மணி அடித்தது. இரண்டாம் தடவை மணி அடிக்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. அன்று அடித்துக்கொண்டே இருந்தது.

அவருடைய போன் ஒலித்தது. "எங்க வந்துட்டிருக்க?" என்று ஆவலாகக் கேட்டவர், பிறகு, "ம்" என்றார். "சரி. சரி, நீ படு" என்றார். போனைக் கோட்டுக்குள் வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சாப்பிட்டுட்டாளாம் சார். 'எனக்காகப் பாக்காதீங்க, நீங்க நல்லா உக்காந்து சாப்பிடுங்க'ன்னு சொல்றா." கதவைச் சாத்தினார். "நான் வர்றதுக்கு முன்னாடி அவ சாப்பிட்டதே கெடையாது." கிளம்பலாமா என்று கேட்காமலே வண்டியை எடுத்தார்.

மேஜையின் நடுவில் அவருக்கு இடம். பக்கத்து நாற்காலி காலி. அங்கேயும் தட்டு, கரண்டி வரிசை, பூவாக மடித்த வெள்ளைத் துணி. வெய்ட்டர் வந்து அதையெல்லாம் எடுக்கப் போனபோது பைலட், "நோ, தேங்க்யூ. பிளீஸ் லீவ் இட்" என்றார். ஒரு தடங்கல் இல்லை. ஆறாம் மாடிக் கண்ணாடிப் பெண் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பாள். தன் துணியை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். சூப்பை ஊதவில்லை, ஓரத்திலிருந்து எடுத்துக் குனியாமல் குடித்தார். ரொட்டியைக் கையால் பிய்த்தார். கரண்டிகளை வெளியிலிருந்து உள்ளே வரிசை தப்பாமல் எடுத்தார். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த பல் டாக்டர் முள்கரண்டியைக் கீழே போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். முதலாளி எழுந்து இரண்டு வார்த்தை பாராட்டிப் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டு இவ்வளவு வாடிப்போன ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

போட்டோ எடுத்து முடிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். பைலட் தன்னுடைய துணியை மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு காலி நாற்காலிக்கு முன்னால் இருந்த துணியை, அந்தப் பூ மடிப்புக் கலையாமல் இரண்டு கையாலும் எடுத்து, கோட்டுப் பையில் செருகிக்கொண்டார். மறைக்கவில்லை. பாதி வெளியே தெரிந்தது.

நாங்கள் லிஃப்டுக்கு முன்னால் கூடி நின்றபோது அந்த வெய்ட்டர் துணிகளை எண்ணிக்கொண்டே வந்தார். எண்ணி முடித்து, சுற்றும்முற்றும் பார்த்து, பைலட்டிடம் வந்து நின்றார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க... அந்த நாப்கின்..."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பைலட் கையை எடுத்துப் பையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.